கடலை எழுதிய ஓவியர்

மட்டக்களப்பு நாட்டிலே பிறந்த குழந்தை இருவகை நீரைக் கண்டு வளர்கின்றது. ஒன்று வாவி, மற்றையது கடல். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி, நாட்டை எழுவான்கரை என்றும் படுவான்கரை என்றும் இரு கூறாகப் பகுத்து வைத்திருக்கின்றது. ஞாயிறு எழும் பக்கத்தில் வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணற்பாங்கான நிலம் எழுவான்கரை. ஞாயிறு படும் பக்கத்தில் வயலும் காடுமாக விரிந்து கிடக்கும் நிலம் படுவான்கரை. எழுவான்கரையில் வாழ்வோர் முற்றத்தால் இறங்கிச் சிறிது தூரம் நடந்தாற் கடல். கொல்லைப்புறத்தால் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் வாவி. உலகிலே நீரை இத்துணை அணுக்கமாக அறிந்த மக்கள் சிலரே எனலாம்.

இவ்விரு நீரையும் தூரிகை கொண்டு எழுதப் புகுவோன் ஒருவன் விரைவிலே ஓர் உண்மையைக் கண்டுகொள்வான். வாவி அவனுக்கு இணங்கும், கடல் இணங்காது. காற்று அடங்கிய காலைப் பொழுதிலே புளியந்தீவின் கரையில் நின்று நோக்கினால், கண்டல் மரங்களும் தோணிகளும் தலைகீழாக நீரிற் படிந்து அசையாது கிடக்கும். ஓவியன் அவற்றை அமைதியாகப் பார்த்து எழுதலாம். தவறினால் மீண்டும் பார்த்துத் திருத்தலாம். கடலோ அத்தகையதன்று. ஓர் அலையைப் பார்த்துவிட்டுத் தாளை நோக்கிக் கண்ணைத் திருப்புவதற்குள் அவ்வலை உடைந்து நுரையாகிவிடும். அடுத்து வரும் அலை முன்னையதைப் போன்றது, ஆனால் அதுவன்று. நில்லாத ஒன்றை நிற்கும் சீலையில் உள்ளவாறே எழுதுதல் எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாளின் பிற்பகுதி முழுவதையும் செலவிட்ட ஓவியர் ஒருவரின் வரலாறு இங்கே சொல்லப்படுகின்றது.

தமிழர் கடலைக் கண்ணாற் கூர்ந்து நோக்கியவர்கள் என்பதற்கு நம் மொழியே சான்று. பரந்து கிடப்பதாற் பரவை என்றனர்; ஆரவாரிப்பதால் ஆர்கலி என்றனர்; ஆழமுடைமையால் ஆழி என்றனர்; ஒன்றோடொன்று புணர்ந்து வரும் அலைகளையுடைமையாற் புணரி என்றனர். ஒவ்வொரு பெயரும் கடலின் ஓர் இயல்பைக் கண்டறிந்து வைத்த பெயராகும். நெய்தல் நிலத்தைப் பாடிய பழம்புலவர் உப்பங்கழியையும் தாழையையும் புன்னையையும் நண்டு ஓடிய மணற்சுவட்டையும் கண்டு பாடினர். வாவியிலே நிலாக் காலத்திற் கேட்கும் இன்னோசையை இந்நாட்டிலே தோன்றிய விபுலானந்த அடிகள் பாடினார். ஆயினும் சொல்லால் எழுதிய கடலை நம்மவர் வண்ணத்தால் எழுதப் புகுந்தபோது வேறு வழியையே கைக்கொண்டனர். நம் பழைய சுவரோவியங்களிலே நீர் பெரும்பாலும் ஒரு கோலமாகவே அமையும். வளைந்த கோடுகள் அடுக்கடுக்காகச் செல்லும். இடையிடையே மீன்கள் நீந்தும். பார்ப்போர் அதனை நீர் என்று அறிந்துகொள்வர். சித்தன்னவாசலின் விதானத்திலே தாமரைப் பொய்கை எத்துணை அழகாக எழுதப்பட்டுள்ளது! ஆனால் அங்கேயும் நீர் மலருக்கும் மீனுக்கும் யானைக்கும் களமாகவே அமைகின்றது. நீரையே பொருளாகக் கொண்டு, அதன் நிறம், கனம், அசைவு, ஒளி என்பவற்றைக் கண்ணுக்குத் தோன்றியவாறே எழுதும் கலை வேறொரு நாட்டிலே வளர்ந்தது.

அந்நாடு மட்டக்களப்பு மக்களுக்குப் பெயரளவிலேனும் அறிமுகமான நாடேயாகும். 1602ஆம் ஆண்டிலே ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தக் கடற்றலைவன் மட்டக்களப்பிலே வந்து இறங்கினான். 1638ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் புளியந்தீவிலிருந்த போர்த்துக்கேயரின் கோட்டையைக் கைப்பற்றினர். கடல்மட்டத்தினும் தாழ்ந்த நிலத்திலே அணை கட்டி வாழ்ந்த அம்மக்களுக்குக் கடல் பகையாகவும் இருந்தது. செல்வத்துக்கு வழியாகவும் இருந்தது. ஆகவே அவர்கள்தம் ஓவியரும் கடலை விட்டு அகலவில்லை. அந்த நூற்றாண்டிலேயே வில்லெம் வான் டி வெல்டே என்னும் மூத்த ஓவியர், கடற்போர் நிகழும் இடத்துக்கே சிறு படகிற் சென்று, குண்டுகள் பறக்கும்போதே கப்பல்களைப் பார்த்து வரைந்து வந்தார். இருந்து கேட்டு எழுதுவதினும் சென்று கண்டு எழுதுவதே மேல் என்னும் கொள்கை அவரிடம் இருந்தது. இருநூறு ஆண்டுகள் கழிந்தபின் அக்கொள்கையை அதன் எல்லைவரை கொண்டு சென்றவர் ஹென்ட்ரிக் வில்லெம் மெஸ்டாக் என்பவர்.

மெஸ்டாக் 1831ஆம் ஆண்டு ஒல்லாந்தின் வடபகுதியிலுள்ள குரோனிங்கன் நகரிலே பிறந்தார். தந்தையார் வங்கி நடத்தியவர். மகனும் அத்தொழிலிலேயே அமர்ந்தார். இளமையிலே சித்திரம் பயின்றிருந்தாரேனும் அது ஓய்வு வேளைப் பொழுதுபோக்காகவே இருந்தது. 1856ஆம் ஆண்டிலே சீன்ச்சே வான் ஹவுட்டன் என்னும் பெண்மணியை மணந்தார். மர வாணிகம் செய்த செல்வக் குடும்பத்தைச் சேர்ந்த அவ்வம்மையாருக்குத் தந்தைவழிச் சொத்து வந்து சேர்ந்தது. கணவரின் உள்ளத்தில் இருந்ததை அறிந்த அவர், வங்கித் தொழிலை விட்டு ஓவியத்தை மேற்கொள்ளுமாறு ஊக்கினார். 1866ஆம் ஆண்டு, தம் முப்பத்தைந்தாம் வயதிலே, மெஸ்டாக் கணக்கேட்டை மூடிவைத்தார். பிறர் தொழிலில் நிலைபெற்றுவிடும் வயதிலே அவர் மாணாக்கராயினார். உறவினரும் புகழ்பெற்ற ஓவியருமான அல்மா தடேமா துணைநிற்க, பிரசல்ஸ் நகரிலே வில்லெம் ருலோவ்ஸ் என்னும் இயற்கைக் காட்சி ஓவியரிடம் சென்று பயின்றார்.

அக்காலத்திலே அவர் கடலோவியர் அல்லர். மரம், வீதி, வீட்டு முற்றம் என்று கண்டதையெல்லாம் எழுதிப் பழகினார். 1868ஆம் ஆண்டுக் கோடைக்காலத்தை வட கடலிலுள்ள நோர்டர்னே என்னும் தீவிலே குடும்பத்தோடு கழித்தபோதுதான் கடல் அவரைப் பற்றிக்கொண்டது. அங்கே பல சிறு படங்களை வரைந்தார். பிரசல்சுக்கு மீண்டு வந்து, அவற்றைத் துணையாகக் கொண்டு பெரிய கடற்காட்சிகளை எழுத முனைந்தபோது ஒரு குறை புலப்பட்டது. அறையிலே இருந்துகொண்டு நினைவால் எழுதிய நீர் நீராக அமையவில்லை. கடலை எழுத வேண்டுமாயின் அதனை நாள்தோறும் கண்ணெதிரே காண வேண்டும். அதனோடு வாழ வேண்டும் என்று அவர் தெளிந்தார். தெளிந்ததோடு நில்லாது, 1869ஆம் ஆண்டிலே ஹேக் நகருக்குக் குடிபெயர்ந்தார். அந்நகரை அடுத்தே ஸ்கேவனிங்கன் என்னும் மீனவர் ஊர் இருந்தது. அங்கே கடலை நோக்கிய அறையொன்றை வாடகைக்கு அமர்த்தி, வெயிலிலும் பனியிலும் புயலிலும் சாளரத்தினின்று கடலை நோக்கி எழுதினார். மறு ஆண்டே, வட கடலின் உடையும் அலைகளை எழுதிய அவருடைய ஓவியம் பாரிசு நகரின் பெருங் கண்காட்சியிலே பொற்பதக்கம் பெற்றது.

அப்புகழ் வந்த அடுத்த ஆண்டிலே துயரமும் வந்தது. 1871ஆம் ஆண்டு அவர்தம் ஒரே மகன், எட்டு வயதுச் சிறுவன், இறந்தான். அதன் பின்னரே அன்னையாராகிய சீன்ச்சேயும் முழு மனத்தோடு தூரிகையைக் கையில் எடுத்தார். அவர் காட்டையும் தரிசு நிலத்தையும் எழுதினார். கணவர் கடலையே எழுதினார். பிள்ளையற்ற வீட்டிலே இருவரும் தத்தம் சீலையின் முன்னிருந்து உழைத்தனர்.

மெஸ்டாக்கின் உழைப்பு எத்தகையது என்பதை உணர வேண்டுமாயின், கடலை எழுதுவதிலுள்ள இடர்ப்பாடுகளை முதலில் அறிதல் வேண்டும். அவற்றை அறிவதற்கு வட கடலுக்குச் செல்ல வேண்டியதில்லை. கல்லடிக் கடற்கரையே போதும்.

முதலாவது அலையின் வடிவம். அலை வரும்போது நீரே தொலைவிலிருந்து ஓடி வருவதாகத் தோன்றும். உண்மை அஃதன்று. படுவான்கரை வயலிலே காற்று வீசும்போது நெற்பயிர் அலையலையாகச் சாய்ந்து செல்வதைக் காண்கின்றோம். பயிர் தன்னிடத்தை விட்டு நகர்வதில்லை. அசைவே நகர்ந்து செல்கின்றது. கடலிலும் நீர்த்துளி பெரும்பாலும் தன்னிடத்திலேயே வட்டமிட, வடிவம் மாத்திரமே முன்னேறி வருகின்றது. ஓர் அலைமுகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையிலுள்ள நீளத்தில் அரைப்பங்கினும் ஆழம் குறையும்போது, அலை அடித்தரையை உணரத் தொடங்கும். வேகம் குறையும், முகடுகள் நெருங்கும், உயரம் மிகும். ஈற்றிலே நீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்காகக் குறையும் இடத்திலே முகடு முன்சாய்ந்து உடையும். ஆகவே அலை உடையும் இடம் கடலடித் தரையின் சாய்வைக் காட்டும் குறியாகும். இதனை அறியாத ஓவியன் தான் விரும்பிய இடத்திலெல்லாம் நுரையை எழுதுவான். அறிந்தவன் கண்ணுக்குத் தெரியாத மணற்றிட்டையும் நுரையாற் காட்டுவான். மீனவர் கடலைப் பார்த்து அடித்தரையை அறிவதும் இவ்வாறே.

இரண்டாவது நிறம். கடல் நீலம் என்பது சிறுவரும் சொல்வது. ஆனால் கடற்கரையிற் காலடியிலுள்ள நீரை நோக்கினால் நீலம் இல்லை. அடியிலுள்ள மணலே தெரிகின்றது. நேர்கீழாக நோக்கும்போது நீரின் மேற்பரப்பு தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு இரண்டு பங்களவே திருப்பி அனுப்பும். எஞ்சியது உள்ளே செல்லும். தொலைவிலுள்ள நீரைச் சாய்வாக நோக்கும்போதோ அது கண்ணாடிபோலாகி வானத்தையே காட்டும். எனவே ஒரே கடல் அடியிலே மணலாகவும், நடுவிலே நீராகவும், தொலைவிலே வானாகவும் இருக்கின்றது. அலை எழும்பும்போது அதன் மெல்லிய முகட்டினூடே ஒளி ஊடுருவுவதால் அங்கே பச்சை ஒளிரும். முகடு உடைந்ததும் எண்ணற்ற காற்றுக் குமிழிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வெண்மை தோன்றும். மாரியிலே வாவி முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு பாயும்போது, கலங்கிய வெள்ளம் கடலின் நடுவே தவிட்டு நிறமான ஒரு பட்டையாக நீண்டு கிடக்கும். வாடைக்காற்றுக் காலத்துக் கடலும் கச்சான் வீசும் காலத்துக் கடலும் ஒரே கடலல்ல. ஆண்டுதோறும் பார்த்திருந்தவனுக்கன்றி இந்நிறங்கள் கைவரா.

மூன்றாவது அடிவானம். கரையிலே நிற்கும் ஒருவருக்கு அடிவானம் ஏறத்தாழ 4½ கிலோமீற்றர் தொலைவிலே இருக்கும். 15 மீற்றர் உயரமான தென்னையின் உச்சியில் ஏறினால் அது 14 கிலோமீற்றர் அளவுக்கு அப்பாற் செல்லும். ஆனால் எவ்வளவு உயரத்தில் நின்றாலும் அடிவானக் கோடு நம் கண்ணின் மட்டத்திலேயே தோன்றும். இக்கோட்டைச் சிறிது தவறாக எழுதினாலும் படகுகள் கடலில் மிதவாது வானத்தில் தொங்கும். அல்லது கடல் ஒரு மலைச்சரிவாகத் தோன்றும். கடலோவியத்தின் முதற்கோடும் முதன்மையான கோடும் இதுவே.

இவ்விடர்ப்பாடுகளை வெல்வதற்கு ஓவியர் பலர் பல வழிகளை நாடினர். கருங்கடற் கரையிலுள்ள பியதோசியா என்னும் துறைமுக நகரிலே 1817ஆம் ஆண்டு பிறந்த ஐவசோவ்ஸ்கி என்பவர் ஏறத்தாழ 6,000 ஓவியங்களை எழுதியவர். 1850ஆம் ஆண்டில் அவர் எழுதிய 'ஒன்பதாம் அலை' உலகப் புகழ் பெற்றது. மின்னலையும் காற்றையும் அலையையும் எதிரே வைத்துப் பார்த்து எழுதுதல் இயலாது. கண்டதை உள்ளத்திலே பதித்து, பின்னர் அறையிலிருந்து நினைவால் எழுதுதலே வழி என்பது அவர் கொள்கை. இங்கிலாந்தின் டேர்னர், புயலை உணர்வதற்காகத் தம்மைப் பாய்மரத்திலே கட்டுவித்து நான்கு மணி நேரம் கிடந்தார் என்று ஒரு கதை உண்டு. ஆய்வாளர் அதனை ஐயுறுவர். ஆயினும் அவர் 1842ஆம் ஆண்டிற் காட்சிக்கு வைத்த பனிப்புயல் ஓவியத்திலே கப்பலும் நீரும் வானும் ஒன்றாய்ச் சுழல்வதைக் காண்போர், அக்கதை ஏன் எழுந்தது என்பதை உணர்வர்.

ஒளிப்படக் கருவி வந்தபின் இவ்வுழைப்பெல்லாம் வீண் அன்றோ என்று சிலர் வினவலாம். அக்கருவியும் தொடக்கத்திலே கடலின்முன் தோற்றது. வானத்துக்கு வேண்டிய ஒளியளவு வேறு, கடலுக்கு வேண்டிய ஒளியளவு வேறு. 1856, 1857ஆம் ஆண்டுகளிலே பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே என்னும் ஒளிப்படக் கலைஞர், வானத்தை ஒரு தகட்டிலும் கடலை மற்றொரு தகட்டிலும் பிடித்து, இரண்டையும் இணைத்தே சில கடற்படங்களை உருவாக்கினார். கண்ணுக்கு இயல்பாகத் தோன்றும் காட்சியைக் காட்டுவதற்குக் கருவியும் ஓவியனைப்போல் தெரிந்தெடுத்துச் சேர்க்க வேண்டியதாயிற்று.

மெஸ்டாக்கின் வழி நினைவும் அன்று, புயலில் மூழ்குதலும் அன்று. அது நாள்தோறும் பார்க்கும் வழி. ஒரே கடற்கரை, ஒரே அடிவானம், ஒரே வகைப் படகுகள். அவர் ஓவியங்களிலே ஆரவாரமான நிறம் குறைவு. சாம்பலும் தவிடும் மங்கிய பச்சையுமே மிகுதி. வட கடல் அத்தகையது. ஆகவே அவர் சீலையும் அத்தகையது. விற்பனைக்காக அதனை நீலமாக்க அவர் விழையவில்லை.

1880ஆம் ஆண்டிலே அவருக்கு ஒரு பெரும்பணி வாய்த்தது. அக்காலத்திலே ஐரோப்பிய நகரங்களிலெல்லாம் சுற்றுக்காட்சி என்னும் ஒரு வகை ஓவியம் பெருவழக்காக இருந்தது. ரொபேட் பார்க்கர் என்பவர் 1787ஆம் ஆண்டிலே இதற்கு உரிமை பெற்றார். வட்டமான மண்டபத்தின் உட்சுவர் முழுவதையும் ஒரே ஓவியம் சூழ்ந்திருக்கும். பார்ப்போர் நடுவிலே நின்று நாற்றிசையும் நோக்குவர். பெரும்பாலும் போர்க்களங்களே அவ்வாறு எழுதப்பட்டன. ஹேக் நகரிலே அத்தகைய காட்சியொன்றை அமைக்க விரும்பிய பெல்ஜிய நிறுவனமொன்று மெஸ்டாக்கை அணுகியது. அவர் போரை எழுதவில்லை. ஸ்கேவனிங்கன் கடற்கரையையும் ஊரையும் மணற்குன்றுகளையும் ஓர் இயல்பான நாளிலே இருந்தவாறு எழுத முடிவு செய்தார்.

அதற்கு அவர் கைக்கொண்ட முறை அறியத்தக்கது. சீன்போஸ்ட் என்னும் மணற்குன்றின் உச்சியிலே கண்ணாடியாலான உருளையொன்றை நிறுத்தி, அதனுள்ளே நின்றுகொண்டு, கண்ணாடியினூடே தெரிந்த காட்சியைச் சுற்றிவரக் கண்ணாடியின்மேலேயே கோடுகளாக வரைந்தார். தட்டையான தாளிலே வரைந்ததை வளைந்த சுவருக்கு மாற்றினால் நேர்கோடுகள் கோணும். வளைந்த கண்ணாடியில் வரைந்ததை வளைந்த சீலைக்கு மாற்றும்போது அக்கோட்டம் நேராது. அக்கோட்டுருவம் பெருக்கப்பட்டு 14 மீற்றர் உயரமும் 120 மீற்றர் சுற்றளவும் உடைய சீலைக்கு மாற்றப்பட்டது. 1881ஆம் ஆண்டிலே சில மாதங்களுக்குள் வேலை முடிந்தது. மனைவியார் சீன்ச்சேயும், பிரைட்னர், டி பொக், புளொம்மர்ஸ் என்னும் ஓவியரும் துணைநின்றனர். ஊரையும் குன்றையும் மாந்தரையும் எழுதுவதிலே அவர்கள் பங்குகொண்டனர். கடலையும் படகுகளையும் மெஸ்டாக் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். அவ்வாண்டு ஓகஸ்ட் 1ஆம் நாள் மண்டபம் திறக்கப்பட்டது.

காண வருவோர் இருண்ட நடைவழியாற் சென்று படியேறி நடுமேடையை அடைவர். இருளிலே பழகிய கண்ணுக்குத் திடீரென ஒளிமிக்க கடற்கரை தோன்றும். மேடையின் மேலுள்ள கூரை சீலையின் மேல்விளிம்பை மறைக்கும்; மேடையைச் சூழக் கொட்டப்பட்ட உண்மையான மணல் கீழ்விளிம்பை மறைக்கும். எல்லை தெரியாதபோது இது ஓவியம் என்று கண் அறிவதற்கு வழியில்லை. முன்னர்க் கூறிய அடிவான விதி இங்கே பெரும்பங்கு கொள்கின்றது. எழுதப்பட்ட அடிவானமும் மேடையில் நிற்போரின் கண்மட்டமும் ஒன்றாக அமைவதனாலேதான் கடல் விரிந்து கிடப்பதாகத் தோன்றுகின்றது. மற்றொரு நுட்பமும் உண்டு. மேலேயிருந்து மறைவாக விழும் ஒளி விளக்கொளியன்று; உண்மையான வானத்தின் ஒளி. வெளியே முகில் கவிந்தால் ஓவியத்துக் கடலும் இருளும். வெயில் எறித்தால் அதுவும் ஒளிரும். சீலையில் எழுதிய கடல், ஊரின்மேலுள்ள அதே வானத்துக்குக் கீழே கிடக்கின்றது. அவ்வாண்டிலேயே அதனைக் கண்ட வின்சென்ட் வான் கோ, பெரிதும் மதிக்கத்தக்க படைப்பு என்று தம் தம்பிக்கு எழுதினார்.

ஆயினும் வணிகமுறையிலே முயற்சி வெல்லவில்லை. மக்களின் ஆர்வம் வேறு புதுமைகளை நாடிற்று. 1886ஆம் ஆண்டிலே நிறுவனம் முறிந்தது. இத்தகைய சுற்றுக்காட்சிகள் வெட்டி விற்கப்படுவதும் மடித்துப் போடப்பட்டு அழிவதும் அக்காலத்து வழக்கம். மெஸ்டாக் தம் பொருளைக் கொடுத்து அதனை வாங்கிக் காப்பாற்றினார். வருவாயை நோக்கியிருந்தால் முன்னாள் வங்கியாளர் ஒருவர் அதனைச் செய்திருக்கமாட்டார். 1915ஆம் ஆண்டு அவர் காலமானபோதும் அவ்வோவியம் எழுதிய இடத்திலேயே இருந்தது. இன்றும் அங்கேயே இருக்கின்றது.

ஓவியம் நிற்க, ஓவியத்துக்கு முதலாயிருந்த காட்சி நில்லாது போயிற்று. அவர் கண்ணாடி உருளையை நிறுத்திய மணற்குன்று பின்னர் வெட்டித் தாழ்த்தப்பட்டது. அக்காலத்திலே ஸ்கேவனிங்கனிற் படகுத்துறை இல்லை. தட்டையான அடியுடைய பருத்த படகுகளை மீனவர் மணலிலேயே ஏற்றி நிறுத்தினர். 1894ஆம் ஆண்டு டிசம்பரில் வீசிய பெரும்புயல் கரையிலிருந்த அப்படகுகளிற் பெருந்தொகையானவற்றைச் சிதைத்தது. 1904ஆம் ஆண்டிலே துறைமுகம் கட்டப்பட்டது. மணலில் ஏறும் படகுகள் நாளடைவில் மறைந்தன. ஊரைச் சூழ விடுதிகளும் வீதிகளும் எழுந்தன. 1881ஆம் ஆண்டுக் கடற்கரை எவ்வாறிருந்தது என்று அறிய விரும்புவோர் இன்று கடற்கரைக்குச் செல்வதிற் பயனில்லை. மண்டபத்துக்கே செல்ல வேண்டும். அங்கே படகுகள் இன்னும் மணலில் நிற்கின்றன. கடற்கரையிலே வெண்குடையின் கீழ் அமர்ந்து ஓவியம் எழுதும் ஒரு பெண்மணியும் இருக்கின்றார். அவர் சீன்ச்சே அம்மையாரே.

உண்மையாக எழுதுதல் என்பதன் பொருள் இங்கே தெளிவாகின்றது. மெஸ்டாக்கின் கடல் ஒலிப்பதில்லை. அதன் அலை உடைந்து முடிவதில்லை. உப்புக்காற்று அங்கே வீசுவதில்லை. ஒவ்வொரு துளியையும் எண்ணி எழுத எவராலும் இயலாது. ஈர மணலுக்கும் உலர்ந்த மணலுக்கும் இடையிலுள்ள நிற வேறுபாடு, வானின் ஒளிக்கும் நீரின் ஒளிக்கும் உள்ள அளவு, அலை உடையும் இடம், அடிவானத்தின் மட்டம் என்னும் உறவுகளை அவர் பிழையின்றி எழுதினார். அவ்வுறவுகள் சரியாக அமைந்தபோது எஞ்சியதைக் காண்போரின் கண்ணே நிறைத்துக்கொள்கின்றது. அவ்வளவுகளை அவர் நூலிற் கற்றவரல்லர். நாள்தோறும் ஒரே இடத்தில் நின்று கற்றார்.

இவ்வரலாற்றிலே எழுவான்கரை மக்களுக்கு ஒரு செய்தி உண்டு. இக்கரையும் நிலைத்திருப்பதன்று. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி மட்டக்களப்பின் தென்னந்தோப்புகளை ஓர் இரவிலே வீழ்த்தியது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாட் காலையிலே ஆழிப்பேரலை கல்லடி, நாவலடிக் கரைகளை மூடியது. உயிர்களும் வீடுகளும் போயின. கரையின் வடிவமே மாறிற்று. முகத்துவாரத்து மணற்றிட்டோ ஆண்டுதோறும் மூடியும் உடைந்தும் இடம் மாறிக்கொண்டிருக்கின்றது. கரை மாறியபின் அதன் பழைய தோற்றத்துக்கு நினைவு ஒன்றே சான்றாக எஞ்சுமாயின், அந்நினைவும் ஒரு தலைமுறையோடு தேய்ந்துவிடும். பார்த்து எழுதிய சிறு படம் ஒன்று இருப்பின் அது பேரர்க்கும் பேசும்.

பாடசாலைச் சித்திரக் கொப்பியிலே கடலை எழுதச் சொன்னால், நம் பிள்ளைகள் நீல நிறத்தைப் பூசி அரைவட்டங்களை அடுக்குவார்கள். மூலையிலே பாதிச் சூரியனையும் வைப்பார்கள். கடலுக்கு நூறடி தூரத்தில் வாழும் பிள்ளையும், கடலையே காணாத பிள்ளையும் ஒரே கடலை எழுதுவது வியப்பன்றோ? அப்பிள்ளையிடம் விலையுயர்ந்த வண்ணங்களைக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு பென்சிலையும் சில தாள்களையும் கொடுத்து, கரையிலே ஓரிடத்தைக் குறித்து, மாதம் ஒருமுறை அதே இடத்திலிருந்து பார்ப்பதை மாத்திரம் வரையச் சொன்னாற் போதும். முதலில் அடிவானம், பின்னர் அலை உடையும் கோடு, பின்னர் ஈர மணல் எங்கே முடிகின்றது என்பது, கரைவலைத் தோணி எங்கே நிற்கின்றது என்பது, தாளின் மூலையில் நாளும் பொழுதும் காற்றின் பெயரும். பன்னிரண்டு மாதங்கள் கழிந்தபின் அப்பன்னிரண்டு தாள்களையும் வரிசையாக விரித்துப் பார்த்தால், ஒன்றிலிருக்கும் கடல் மற்றொன்றில் இராது. அவ்வேறுபாட்டைத் தன் கையாலேயே கண்டுகொண்ட பிள்ளை, அதன்பின் ஒருபோதும் அரைவட்டங்களை அடுக்கமாட்டாது.